சாம்பிராணி வாசமும் துரை போட்ட பெஞ்சும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களைக் கடத்திவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து வராது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடி காரணம் அதுவல்ல. இதில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதனால் இன்னொரு மனிதர் பதினாறு நாள் வேலையில்லாமல் நின்றார். அதை மறைத்து எழுதினால் பொய், சேர்த்து எழுத வெட்கம். இப்போது பிள்ளைகள் கடை, கம்பனி என்று வேலைக்குப் போகிறார்கள். மேலே இருப்பவர்களிடம் வாய் திறக்கவே முடியவில்லை என்று வீட்டில் வந்து புலம்புகிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான், சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லையைத் தாண்டி கொஸ்லந்தைப் பக்கம். நான் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் ஆலையில், கொழுந்து உருட்டும் மெசினில் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்தும் துரையிடம் குறை சொல்ல வாரத்தில் ஒரு பின்னேரம் உண்டு. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, மழையோ வெயிலோ, வரிசையில் நிற்போம். துரை உள்ளே இருப்பார். கிளாக்கர் ஐயா பக்கத்தில் நின்று நாங்கள் சொல்வதை இங்கிலீசில் சொல்வார். குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, பிள்ளைக்கு நெஞ்சுச் சளி என்று ஒருத்தி அழுது அழுது சொல்வாள். ஐயா அதை நாலு சொல்லில் முடித்துவிடுவார். உள்ளேயிருந்து "சரி, போ" என்று வரும். என்ன சரி என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு சிங்களத் துரை ஒருவர் வந்தார். பண்டாரவளையில் படித்தவராம். தமிழ் கொஞ்சம் பேசுவார். வந்த இரண்டாம் மாதமே ஸ்கூலிலிருந்து இரண்டு பெஞ்சு எடுப்பித்து ஆபீசுக்கு உள்ளே போட்டார். கொழுந்து எடுப்பவர்களில் இரண்டு பேர், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர்களில் ஒருவர், ஸ்டோரில் ஒருவர், தோட்டத்துச் சங்கத் தலைவர் என்று ஆட்களை நாங்களே தெரிந்தெடுத்து அனுப்பச் சொன்னார். மாதத்தில் முதல் சனிக்கிழமை கூட்டம். ஸ்டோருக்கு என்னை அனுப்பினார்கள். நான் அதிகம் பேசாதவன், வம்பு வராது என்று நினைத்திருப்பார்கள்.

முதல் கூட்டத்தில் ஒருவரும் உட்காரவில்லை. துரைக்கு முன்னால் எப்படி உட்காருவது? அவரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி, வாய்க்காரி, அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தொரை, நீங்க ஒக்காருங்களேன். காலையிலருந்து மலை ஏறி எறங்கி எங்களுக்கு முட்டிக்காலு விட்டுப் போவுது."

"நீங்க ஒக்காந்தா நானும் ஒக்காருவேன்."

"நாங்க ஒக்காந்தா நாளைக்குத் தோட்டமே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நானும் சேந்து சிரிக்கிறேன்."

அவள் "முருகா" என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு நாங்களும் உட்கார்ந்தோம்.

துரை ஒரு பழக்கம் வைத்தார். யார் எதைச் சொன்னாலும் ஒரு கொப்பியில் தமிழிலேயே எழுதச் சொல்வார். எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். "இதுதானா நீங்க சொன்னது?" என்று கேட்பார். இல்லையென்றால் திருத்த வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பக்கத்திலிருந்துதான் பேச்சுத் தொடங்கும். இன்னொரு வாக்கும் கொடுத்தார்: "இந்த பெஞ்சில ஒக்காந்து உண்மை சொன்ன ஆளை நான் வேலையவிட்டு நிப்பாட்டவே மாட்டேன்." நாங்கள் தலையாட்டினோம். நம்பினோமா என்று கேட்டால், இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். எங்கள் ஸ்டோரில் மெசினை ஓட்டும் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில், ரோதை முனி என்கிற காவல் சாமிக்கு ஒரு கல் இருந்தது. மெசினில் கை கால் போகாமல் காப்பவர் அவர்தான். வெள்ளிக்கிழமை காலையில், மாடியில் வாட்டிய கொழுந்து கீழே இறங்கும் முன், கதவெல்லாம் திறந்து வைத்துச் சூடம் காட்டுவோம். வேலை தொடங்கிய பிறகு ஒரு ஊதுபத்திகூட ஏற்ற மாட்டோம். தேயிலை பக்கத்திலிருக்கும் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு நாள் வேலை நடுவில் இருக்கும்போது ஒரு ஆள் வந்து சொன்னார். என் மனைவிக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தோட்டத்து மருத்துவச்சி கைவிட்டுவிட்டார், லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். போக வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மெசினை விட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும் என்று பயம். எல்லோரும் தேத்தண்ணிக்கு வெளியே போனபோது, முனிக்கு முன்னால் விழுந்து, இருந்த சாம்பிராணி முழுவதையும் நெருப்பில் கொட்டினேன். அந்தப் பெரிய கூடம் புகையால் நிறைந்தது. பின்னால் சிமெந்துத் தரையில், உருட்டிய கொழுந்து நிறம் மாறுவதற்காகப் பரப்பிக் கிடந்தது. அது என் கண்ணில் படவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன், சாம்பிராணியை மறந்தேன்.

சில வாரம் கழித்துக் கொழும்பில் எங்கள் தேயிலையை விற்றுக் கொடுப்பவர்களிடமிருந்து கடிதம் வந்தது. அந்த நாள் தேயிலையில் புகை வாசம், வாங்க ஆளில்லை. டீமேக்கர், அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பானவர், தேயிலை காய வைக்கும் அடுப்பிலிருந்துதான் புகை கசிந்தது என்று சொல்லிவிட்டார். அடுப்புக்காரர் எனக்கு மச்சான் முறை, நாலு பிள்ளைக்காரர். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

பெஞ்சு போட்ட துரையும் இப்படித்தானா என்று தோட்டம் கொதித்தது. தலைவர் ஸ்டோரில் ஒருவரும் வேலைக்கு இறங்கக்கூடாது என்று பேசத் தொடங்கினார். மச்சான் என்னிடமே வந்து, "அடுப்பு பூரா மண்ணு பூசிப் பாத்துட்டேன் மச்சான், ஒரு ஊசி ஓட்டைகூட இல்ல. எங்கருந்துடா வந்துச்சு பொக?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நமக்காகத்தானே சாமிகிட்ட வேண்டுனீங்க?"

"ஆமா."

"மச்சான் வூட்டு அக்கா நாலு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு எங்க போவா? போய்ச் சொல்லுங்க."

"நம்மள வெளிய போட்டா?"

"போட்டா போவோம். இந்தப் புள்ளையத் தந்தவன் எடம் தராமயா போவான்?"

அடுத்து வந்த முதல் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மச்சானையும் டீமேக்கரையும் அழைத்திருந்தார்கள். டீமேக்கர் அடுப்பு என்றார், மச்சான் இல்லை என்றார். தலைவர் திங்கட்கிழமை வேலை நிற்கும் என்றார். துரை கொப்பியைப் புரட்டினார். நான் எழுந்தேன்.

"நிக்க வேணாம், ஒக்காந்து சொல்லுங்க" என்றார் துரை.

உட்கார்ந்தேன். சாம்பிராணியைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் மச்சான்தான் கத்தினார்.

"அட நாசமாப் போனவனே! ரெண்டு வாரமா அந்த அடுப்புக்குள்ள தலைய விட்டுத் தேடுறேன், நீ பாத்துக்கிட்டு நின்னியே! என் மூஞ்சியப் பாருடா, கரி இன்னும் போகல!"

வாய்க்கார அக்காவுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. டீமேக்கர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். துரை என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொஞ்சாதிக்கு அப்படி இருக்கிறப்ப ஏன் லொறியில கூடப் போகல்ல?"

"கேட்டா விட மாட்டாங்கன்னு கேக்கல தொரை."

அவர் டீமேக்கரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பொக சாம்பிராணியிலருந்துதான் வந்திருக்கு, அடுப்பிலருந்து இல்ல" என்று சொல்லி, அதையே முதலில் எழுதச் சொன்னார். வீட்டில் பிரசவம், சாவு, ஆபத்து என்றால் டீமேக்கரோ கங்காணியோ அந்த நிமிடமே ஆளை அனுப்ப வேண்டும், துரையைக் கேட்கத் தேவையில்லை என்று எழுதி எங்களுக்கு வாசித்தார்கள். முனியின் கல்லை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, எங்களையே கேட்டார். நாங்கள் பூசாரியிடம் பேசி, காவல் சாமி வாசலில் நிற்பதில் குற்றமில்லை என்று ஸ்டோருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். மச்சானுக்கு அன்றே வேலை திரும்பக் கிடைத்தது. நின்ற பதினாறு நாளுக்கும் வேலை செய்ததாகப் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்கச் சொன்னார் துரை.

கடைசியில் என் விஷயம். வாக்குக் கொடுத்தபடி துரை என்னை நிறுத்தவில்லை. மச்சானைப் பார்த்து, "நட்டப்பட்டது நீங்க. என்ன செய்யலாம்?" என்றார்.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மாசம் என் அடுப்புக்கு வெறகு தூக்கட்டும் தொரை. பொகன்னா என்னான்னு தெரியட்டும்."

ஒரு மாதம் தூக்கினேன். முதல் வாரம் அவர் என்னோடு பேசவில்லை, "அங்க போடு, இங்க போடு" என்பதோடு சரி. இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, சம்பலையும் வைத்து நீட்டினார். "தின்னு. நீ மயங்கி விழுந்தா அதுக்கும் என் அடுப்பத்தான் சொல்லுவானுங்க" என்றார். சாப்பிட முடியாமல் அழுதேன். அவர் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அந்தத் துரைக்கும், மச்சானுக்கும், அன்று என்னைப் போகச் சொன்ன மனைவிக்கும் இன்றும் விளக்கு வைக்கும்போது நன்றி சொல்கிறேன்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் மாற்றாமல் சொல்லுங்கள். முனி துரையின் கனவில் வந்து காட்டிக் கொடுத்தார் என்று தோட்டத்தில் சொல்கிறவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என்னை நல்லவனாக்கியும் சொல்ல வேண்டாம். நான் உடனே எழுந்து சொன்னேன் என்று யாராவது சொன்னால், பதினாறு நாள் கழித்துத்தான் சொன்னான் என்று திருத்திவிடுங்கள். அந்தப் பதினாறு நாளும் ஒரு வீட்டில் அடுப்பெரிக்கச் சிரமப்பட்டார்கள். அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.