பாஸ்டர் ஜெபராஜின் முதல் பிராக்டிகல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையில், ஒரு பாஸ்டர் ஒரு முழு மனிதரைக் கடலில் தொலைத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பதறாதீர்கள். ஆள் கிடைத்துவிட்டார். கிடைத்த விதத்தைச் சொல்லத்தான் அன்றிலிருந்து கை பரபரக்கிறது.

பாஸ்டர் பெயர் ஜெபராஜ். ராமநாதபுரத்தில் எங்கள் எதிர்வீடு. திங்கள் முதல் சனி வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோர ஊர் ஒன்றில், தகரக் கொட்டகையில் சபை நடத்துகிறார். சபை என்றதும் கோபுரம், மணி என்று பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மழை பிடித்தால் தகரச் சத்தத்தில் பிரசங்கம் கேட்காது. அவ்வளவு பெரிய சபை.

நானோ திருப்புல்லாணிப் பெருமாளைக் கும்பிடுகிற ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர். எனக்கும் பாஸ்டர் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்? அந்த இங்கிலீஷ்தான் சம்பந்தம்.

ஜெபராஜுக்கு ஒரு வெளிநாட்டு அமைப்பு இலவசமாக ஆன்லைன் படிப்பு தருகிறது. வீடியோ வீடியோவாக அனுப்புகிறார்கள். எல்லாம் இங்கிலீஷ், அதுவும் வாய்க்குள்ளேயே பேசுகிற இங்கிலீஷ். சவாரி முடித்து மாலையில் வருவார். எங்கள் ஹாலில் உட்கார்ந்து நான் வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். இப்படியாக, ஒரு சர்ச்சுக்கும் போகாமலே நான் பாதிப் பாஸ்டர் ஆகிவிட்டேன்.

என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்கிறீர்களா? சர்ச் கார் பார்க்கிங்கில் நெரிசலைச் சமாளிப்பது எப்படி... உதவிப் போதகர்களுக்குள் சண்டை வந்தால் தீர்ப்பது எப்படி... பாஸ்டர் நீண்ட விடுப்பில் போவது எப்படி...

“பார்க்கிங் பிரச்சினை நமக்கும் இருக்கு டீச்சர்,” என்றார் ஜெபராஜ் ரொம்ப சீரியஸாக. “என் ஆட்டோவை நிழல்ல விட்டா, அங்கன வலை காயப்போட முடியலைன்னு ஏசுறாங்க.”

ஆன்லைன் வேண்டாம், நேரிலேயே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதுவும் நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு குழு விமானம் ஏறி வருகிறது. மூன்று நாள் பயிற்சி, ஒரு பை, ஒரு டி-ஷர்ட், குரூப் போட்டோ, சர்டிபிகேட். நல்ல மனிதர்கள்தான் — மனசார வருகிறார்கள், வேர்த்துக் கொட்டினாலும் சிரிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் வேறு குழு. ஒவ்வொரு குழுவும் முதல் பாடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். ஜெபராஜ் முதல் பாடத்தை மட்டும் எத்தனை முறை படித்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அஸ்திவாரத்துக்கு மேல் அஸ்திவாரமாகப் போட்டுக்கொண்டே போனால் சுவர் எப்போது எழுப்புவது?

பெரிய நகரத்துக் காலேஜில் தங்கிப் படிக்கலாம். அப்படிப் படிக்கப் போன முந்தைய பாஸ்டர் அருமையாகப் படித்தார். அவ்வளவு அருமையாகப் படித்துவிட்டதால், இந்தத் தகரக் கொட்டகைக்குத் திரும்பவே இல்லை. அதனால்தான் சபைக்காரர்கள் ஜெபராஜை அனுப்பப் பயப்படுகிறார்கள்.

இந்த நிலைமையில்தான் அருளப்பன் விஷயம் வந்தது.

அருளப்பன் சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் போய்ச் சங்கு எடுத்து வருகிற தொழில். அவருடைய அப்பா பெயருக்குத்தான் கிறிஸ்தவர். சர்ச் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் மறந்துவிட்டார். பிள்ளையும் வளர்ந்து, குடி, வம்பு, அடிதடி என்று எதையும் பாக்கி வைக்கவில்லை. மனைவி ஸ்டெல்லா பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை நனைந்துவிடும்.

அப்படிப்பட்ட ஆள் குடியை விட்டார். சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஸ்டெல்லா காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஆனால் அருளப்பன் ஒரு நிபந்தனை போட்டார்.

“நான் ரோட்ல விழுந்து கிடந்தப்பெல்லாம், ஒரு வார்த்தை புத்தி சொல்லாம ஆட்டோல ஏத்திக் கொண்டாந்து வீட்ல விட்டவரு நம்ம பாஸ்டரு. அவரு கையால குடுத்தா எடுத்துக்கிறேன். வேற ஆளுன்னா வேண்டாம்.”

இதைக் கேட்டு ஸ்டெல்லா அழுதார், சந்தோஷத்தில். ஜெபராஜும் அழாத குறைதான், பயத்தில்.

ஏனென்றால் இவர்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளித்து முடிக்கிற வழக்கம் இல்லை. ஆளை முழுசாகத் தண்ணீருக்குள் சாய்த்து, முக்கித் தூக்க வேண்டும். இதுவரை பக்கத்து ஊரிலிருந்து ஒரு மூத்த பாஸ்டர் வந்து செய்து கொடுத்துவிடுவார். ஜெபராஜ் கரையில் துண்டோடு நிற்பார். இத்தனை சர்டிபிகேட்டில் ஒன்றுகூட அவரைத் தண்ணீரில் இறக்கவில்லை.

“நான் சாயல்குடிக்கு அங்கிட்டு, வானம் பார்த்த பூமிக்காரன் டீச்சர். எங்க ஊருக்குக் குடிதண்ணியே லாரிலதான் வரும். நான் எங்க போய் நீச்சல் பழக?” என்றார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். “இது மட்டும் சரியா வரலைன்னா, சபையை யாருகிட்டயாச்சும் ஒப்படைச்சுட்டு ஆட்டோவோட இருந்துக்கிறேன். ஒரு ஆளைக் கரையேத்தத் தெரியாதவன் என்ன பாஸ்டரு?”

எனக்குப் பாவமாகிவிட்டது. வீடியோவைத் தேடினோம். ஞானஸ்நானப் பாடம் இருந்தது! சர்ச்சுக்குள்ளேயே பளிங்குத் தொட்டி, இறங்கப் படிக்கட்டு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, இதமான வெந்நீர். ‘தண்ணீரில் இறங்குமுன் சட்டையில் மாட்டிய மைக்கை அணைத்துவிட்டீர்களா என்று உறுதி செய்யவும்’ என்று எச்சரிக்கை வேறு. அலை என்ற சொல்லே பாடத்தில் இல்லை. தொட்டியில் அலை எங்கே அடிக்கும்?

சரி, சாய்க்கிற முறையையாவது கற்றுக்கொள்வோம் என்று ஒத்திகையில் இறங்கினோம். ஆள் வேண்டுமே? என் வீட்டுக்காரரை எழுப்பினேன்.

நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு வந்து நின்றார் மனுஷர். “எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பாஸ்டர், இதுல நான் ஏதும் மாறிற மாட்டேனே?” என்று கேட்டுக்கொண்டார்.

“தண்ணி இல்ல சார். செல்லாது,” என்று உத்தரவாதம் கொடுத்தார் பாஸ்டர்.

ஹால் நடுவே மெத்தையை இழுத்துப் போட்டோம். ஒரு கை முதுகில், ஒரு கை நெஞ்சில். சாய்... தூக்கு. சாய்... தூக்கு. நான் ரிமோட்டும் கையுமாக, “முழங்காலை மடக்கச் சொல்றாங்க, முழங்காலை!” என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “என்ன டீச்சர், சாருக்கு மயக்கமா?” என்றார். “இல்லக்கா, பயிற்சி,” என்று படுத்தபடியே பதில் சொன்னார் என் வீட்டுக்காரர். அந்த அம்மா இன்னும் எங்களை ஒருமாதிரியாகத்தான் பார்க்கிறார்.

ஞாயிறு காலை. கடல் சாதுவாக இருந்தது. சபை மொத்தமும் கரையில் பாட்டுப் பாடியது. வெள்ளைச் சட்டையில் பாஸ்டரும் அருளப்பனும் நெஞ்சளவு தண்ணீருக்குப் போனார்கள். பாஸ்டர் ‘முழங்கால், முழங்கால்’ என்று முணுமுணுத்துக்கொண்டே போனது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

வார்த்தைகளைத் தெளிவாகச் சொன்னார். ஒரு கை முதுகில், ஒரு கை நெஞ்சில். சாய்த்தார். அடடா, என்ன அழகான சாய்ப்பு! மெத்தையில் ஒரு தடவைகூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

தூக்கக் கையைக் கொடுத்தால்... கையில் ஆள் இல்லை.

பாஸ்டர் தண்ணீருக்குள் துழாவினார். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. கரையில் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார், பிறகு அதைப் பாதியில் விட்டுவிட்டு, “அருளப்பா... ஏலே அருளப்பா...” என்று அலறினார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்திருந்தவர்கள் போலீஸ், ஆம்புலன்ஸ் என்று என்னென்னவோ பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்டெல்லா ஒருவர் மட்டும் ராகம் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“வருவாக டீச்சர். மூச்சு முடிஞ்சா வருவாக,” என்றார்.

அதற்குள் பாஸ்டர், நீச்சல் தெரியாத பாஸ்டர், அருளப்பனைத் தேடி இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டார். கால் தட்டவில்லை. தலை ஒரு தடவை தெரிந்தது. அப்புறம் அதுவும் போயிற்று.

அடுத்த நொடி, சற்றுத் தள்ளித் தண்ணீரைப் பிளந்துகொண்டு அருளப்பன் எழுந்தார். வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். சட்டைக்குள் பாஸ்டர்.

“சொன்னேன்ல? அவுக முங்குனா வெறுங்கையோட வரமாட்டாக,” என்றார் ஸ்டெல்லா.

கரை முழுக்கச் சிரிப்பு. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். பாஸ்டர் மட்டும் மணலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரை இருமிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மூச்சு வந்ததும் கேட்டார்.

“எதுக்குப்பா அவ்வளவு நேரம் உள்ள இருந்த?”

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “முங்குறப்ப பழசெல்லாம் போயிரும்னு சொன்னீகல்ல பாஸ்டர். எனக்குப் பழசு கொஞ்சம் அதிகம். சட்டுன்னு எந்திரிச்சா மிச்சம் நின்னுருமோன்னு... மூச்சு இருந்த மட்டும் உள்ளயே கிடந்தேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சபையில் சட்டம் பேசுகிற ஒருவர் இல்லாமல் இருப்பாரா? இங்கேயும் இருந்தார். “பாஸ்டர் கையால தூக்கி விடலையே. இவருல்ல அவரைத் தூக்கியிருக்காரு. இது செல்லுமா?” என்று கேட்டார். எல்லார் முகமும் மாறியது. அருளப்பன் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீடியோவில் என்ன சொல்லியிருக்கிறது என்கிற பார்வை. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

ஜெபராஜ் சட்டையைப் பிழிந்துகொண்டே எழுந்து நின்றார். அந்த மூத்த பாஸ்டருக்குக்கூடப் போன் போடவில்லை.

“செல்லும்,” என்றார்.

அவ்வளவுதான். அதுவரை என் எதிர்வீட்டு ஆட்டோக்காரராகவே எனக்குத் தெரிந்தவர், அந்த ஒரு சொல்லில் பாஸ்டராகத் தெரிந்தார். எந்தக் குழு, எந்த வீடியோ இதைச் சொல்லிக்கொடுத்துவிட முடியும்? கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வருகிறவர்கள் கொஞ்சம் இடுப்பளவு தண்ணீரிலாவது இறங்கிக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன். சபையை ஒப்படைக்கிற பேச்சை ஜெபராஜ் அப்புறம் எடுக்கவே இல்லை.

மறுநாள் அந்தப் பாடத்துக்கு ஆன்லைன் பரீட்சை. ஒரு கேள்வி: ‘ஞானஸ்நானம் பெறுபவர் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்?’ அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் தட்டினேன்: ‘அது அவரவர் பழசைப் பொறுத்தது.’

அந்தப் பதிலுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். பூஜ்யம் வாங்கிவிட்டு இவ்வளவு குஷியாக வண்டி ஓட்டிய மாணவரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

சரி, உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? யோசித்து வையுங்கள். என்னை மட்டும் கேட்காதீர்கள் — எனக்கு மன்னார் வளைகுடாவே பத்தாது.