ஜர்னலிசம் சீட்டும் அப்பாவோட ட்ரெயின் கோஷ்டியும்

ஜர்னலிசம் படிக்க காலேஜ் லிஸ்ட் போட்டேன். ஆசைக்கு சென்னை, நம்பிக்கைக்கு மைசூர், எதுவும் கிடைக்கலன்னா பெங்களூர்.

இன்னிக்கு காலையில காலேஜ் பார்க்க அப்பாவோட எங்க ஊரு ஊரிகம் ஸ்டேஷன்ல பெங்களூர் ட்ரெயின் ஏறினேன். தினமும் அவர்கூட வேலைக்குப் போற கோஷ்டி லிஸ்ட்டை வாங்கிடுச்சு.

"சென்னையா? நம்ம ட்ரெயின் அங்க போகாதே பாப்பா!" ஒரு அங்கிள் அதை அடிச்சார்.

அடுத்து மைசூரும் காலி.

"பெங்களூர் ஸ்டேஷன்லேருந்து நடக்கிற தூரத்துல ஒண்ணு, ஒரே பஸ்ல போறாப்புல ஒண்ணு எழுது." இது இன்னொரு அங்கிள். "இன்னா, லிஸ்ட் பேலன்ஸ் ஆயிடுச்சா?"

அப்பாவுக்குப் பரம திருப்தி. தினமும் சாயங்கால ட்ரெயின்ல திரும்பி வரும்போது கர்சீப் போட்டு எனக்கு சீட் பிடிக்கக்கூட ஆள் ரெடி.

அதனால பெங்களூர்ல ஊழல், கலவரம், ராஜினாமா ஏதாவது பண்ற ஐடியா இருக்கிறவங்க தயவுசெஞ்சு அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுங்க.

வருங்கால நிருபருக்கு ட்ரெயின் இருக்கு.