சிக்னோராவின் தலை

நான் துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டு அம்மாவை இத்தாலிய முறைப்படி சிக்னோரா என்பேன். ஆனால் அவர் போலந்துக்காரர். கல்லிலும் மண்ணிலும் சிலை செய்வார், ஓவியமும் வரைவார். இளவயதில் வெயிலைத் தேடிப் பலெர்மோவுக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். அவர் செய்யும் ஆட்களுக்குக் கண் நெற்றியில் இருக்கும், காது தாடையில் இருக்கும். தூசி துடைக்கும்போது எந்தப் பக்கம் முகம் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்டால் நவீனம் என்பார். சம்பளம் தருகிறவர் சொன்னால் நவீனம்தான்.

கபோ சந்தைப் பக்கம் அவர் வைத்த கண்காட்சிக்கு வந்தவர்கள் வைனைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் விற்கவில்லை. மனம் விட்டுப்போய், போலந்துக்கே திரும்பப் போவதாகச் சொன்னார். அவர் போனால் என் வேலையும் போய்விடும். இந்த வேலை இருந்தால்தான் என் பெர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிப்பார்கள், நானும் இந்த நாட்டில் இருக்கலாம். நினைவாக வைத்துக்கொள் என்று ஒரு சுட்டமண் தலையைத் தந்தார்.

அப்போதுதான் பிரான்காச்சோ பகுதியில் புதுவீட்டுக்குப் போயிருந்தோம். போன கையோடு ஃபிரிட்ஜ் நின்றது, என் மனுசன் படியில் வழுக்கி விழுந்தார். கண்ணூறுதான். கோரமுக வெருளி கட்டாமல் குடிபுகுந்தால் வேறென்ன நடக்கும்? இந்த ஊரில் வெருளிப் பொம்மைக்கு எங்கே போவது? தலையைப் பார்த்தேன். பிதுங்கிய கண், கோணல் பல். எங்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. பல்கனியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன்.

பயணம் சொல்ல முன் ஒருநேரச் சாப்பாட்டுக்கு வரும்படி சிக்னோராவைக் கூப்பிட்டதும் நான்தான். தலையை மறந்தே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியவர் அண்ணாந்து பார்த்தபடி தெருவிலேயே நின்றார்.

"அது நான்," என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "கண்ணூறு படாமல் இருக்கக் கட்டினது, சிக்னோரா."

"கட்டின பிறகு கெட்டது ஏதும் நடந்ததோ?"

"இல்லை. ஃபிரிட்ஜும் திருத்தியாச்சு."

அதற்குள் கீழ்வீட்டுச் சிசிலிக்காரி வெளியே வந்தாள். செய்தவர் இவர்தான் என்று தெரிந்ததும், தனக்கும் ஒன்று வேண்டும், இதைவிடப் பயங்கரமாக என்றாள். சிக்னோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வேலையைப் பார்த்து ஒருவர் இன்னொன்று கேட்டது இதுதான் முதல்தடவை என்றார். எனக்கும் அழுகை வந்தது, பெர்மெசோவை நினைத்து.

அவர் போகவில்லை. இப்போது எங்கள் கட்டடத்தில் பல்கனிக்குப் பல்கனி தலை தொங்குகிறது.

போன கிழமை என்னைக் கதிரையில் இருத்தி, அசையாதே என்று சொல்லி மண்ணைப் பிசைந்தார். யாருக்கு என்று கேட்டேன். தன் வீட்டு வாசலுக்காம். எனக்குச் சரியான கோபம் வந்தது. பல்லை இன்னும் கொஞ்சம் காட்டச் சொன்னார். காட்டினேன்.