கவிழ்ந்து படுத்த கொத்தனார்

கொச்சியில், பள்ளுருத்தியில் வாடகைக்குக் குடியிருந்த பிச்சைமணி கொத்தனாருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஊர் முழுக்கக் கொரோனாவின் இரண்டாம் அலை பரவிக்கொண்டிருந்தபோது அவருக்கும் காய்ச்சல் கண்டது. முகாமில் மூக்கில் குச்சி விட்டு ஆன்டிஜன் சோதனை செய்தார்கள். நெகடிவ்.

"இத மட்டும் நம்பக் கூடாது. பிசிஆருக்கும் எடுத்திருக்கு. முடிவு வர்ற வரைக்கும் வீட்டில இருக்கணும்" என்றார்கள்.

நெகடிவ் என்றது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. மறுநாள் காலையில் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்குக்குப் பூச்சு வேலைக்குப் போனார். கூட்டாளி முத்துவேலோடு முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். வீடு திரும்பும்போது போன் வந்தது. பிசிஆர் பாசிட்டிவ்.

அதன்பிறகு வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தபடியே இருந்தார். முத்துவேலுக்குச் சொல்லப் போனை எடுப்பார், கீழே வைத்துவிடுவார்.

காய்ச்சல் விடவில்லை. சுகாதார ஊழியர் ஸாதனா வந்து விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். எண்பத்தாறு.

"சேட்டா, கைய அனக்காதீங்க, ஆட்டாம வைங்க."

மறுபடியும் எண்பத்தாறு.

"மெஷின் கேடாயிருக்கும். எனக்கு மூச்சே வாங்கலியே. ஒரு சாயா குடிச்சாச் சரியாப் போயிரும்."

ஸாதனா தன் விரலை மாட்டிக் காட்டினார். தொண்ணூற்றெட்டு. மனைவி கற்பகம் உள்ளே போய் அவர் சட்டையை எடுத்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் அம்ருதா பாலக்காட்டுத் தமிழில் பேசினார். "மூச்சு வாங்கலைன்னு சும்மா இருந்துட்டேள். வைரஸோட சண்டை போடப் போன ஒடம்பு இப்போ நுரையீரலையே புண்ணாக்கறது. அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு. ஆக்சிஜன் வெச்சிருக்கோம். நீங்க கவுந்து படுத்துக்கோங்கோ, முதுகுப்பக்கத்து நுரையீரல் விரியும்."

"எவ்வளவு நேரம்மா?"

"முடியற வரைக்கும்."

கவிழ்ந்து படுத்தார். கால் விரல்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன. கடைசியில் போனை எடுத்தார்.

"முத்துவேலு, முடிவு வர்றதுக்கு முன்னாலயே வேலைக்கு வந்துட்டேன்டா. ஒனக்கு…"

"எனக்கும் பாசிட்டிவ்தாண்ணே. அது பரவால்ல. எம் பொண்டாட்டி சங்கரி மாசமா இருக்கால்ல? அவளுக்கு இன்னும் முடிவு வரல."

அவரால் அதற்குமேல் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தார். கருவி கத்தியது. ஓடிவந்த நர்ஸ் அவரைத் திரும்பப் படுக்க வைத்தாள். சங்கரிக்கு ஒன்றுமில்லை என்று முத்துவேல் சொன்னது மறுநாள்தான். அன்றைக்குத்தான் தலையணையில் முகம் புதைத்து அழுதார்.

வீடு திரும்பியும் பல மாதம் மாடிப்படி ஏறினாலே மூச்சு இளைத்தது. சங்கரிக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தியை முத்துவேல் சொல்லவில்லை. யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். திரும்ப வேலைக்குப் போன அன்று, கலவைச் சட்டியோடு சாரத்தில் பாதி ஏறி மூச்சுக்குத் திணறி நின்றார்.

முத்துவேல் மேலிருந்து இறங்கி வந்து சட்டியை வாங்கினான். "எறங்குங்கண்ணே."

"புள்ளைக்கு என்னடா பேர் வச்ச?"

"அபிராம்" என்று சொல்லிவிட்டு அவன் மேலே ஏறினான்.