கடைசி வரிசைத் திண்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சிரித்து மட்டும் விடாதீர்கள். நானும் என் நாத்தனாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பி வந்தோம். அதுவும் பட்டப்பகலில்.

நான் கல்யாண கவுன் தைப்பவள். போன வருடம் ஒரு மணப்பெண்ணின் அம்மா, கையால் பின்னிய பழைய லேஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் ஊரில் அதற்கு ஒரே இடம், வெள்ளைக்காரர் காலத்து லேஸ் பள்ளி. ஒரு துரைசானி ஆரம்பித்தது. ஆதரவில்லாத பெண்பிள்ளைகளை உட்கார வைத்துப் பின்ன வைப்பார்களாம். பின்னியதெல்லாம் கப்பலேறிப் போய்விடும். மூடிக் கிடந்த அந்தக் கட்டடத்தை விற்கப் போகிறார்கள், உள்ளே இருக்கும் லேஸைக் கேட்டால் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

துணைக்கு நாத்தனார் வந்தாள். வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வாய் ஓயாது. மொபைல் கடையில் பில் போடுகிறாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என்னிடம்தான் ஓடி வருவாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார்.

"பீரோவுல இருக்கறத மட்டும் பாருங்க. வேற எதையும் தொட வேணாம்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நீளமான கூடம். வரிசை வரிசையாகக் குட்டை நாற்காலிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் வைக்கோல் அடைத்த உருண்டைத் திண்டு. அதில் குண்டூசிகளைக் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவதுதான் அந்த லேஸ். எல்லாத் திண்டுகளும் எலி கடித்து, தூசி மண்டிக் கிடந்தன.

ஒன்றைத் தவிர.

கடைசி வரிசை, சுவரோரம். அதில் தூசியே இல்லை. நூல் பால் வெள்ளை. பாதி பின்னிய லேஸ். துருப்பிடிக்காத குண்டூசிகள்...

"அண்ணி, இங்க பாருங்களேன். இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கு."

"வாட்ச்மேன் பொண்டாட்டி பின்னுவா போல. தொடாதடி."

பீரோ பக்கத்து அறையில் இருந்தது. நான் ஒவ்வொரு லேஸாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ரேடியோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நாற்காலி சூடா இருக்கு!"

வழக்கம்போல விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு பாட்டு நின்றது.

டக்.

காற்றில் ஜன்னல் அடிக்கிறது போல.

டக்... டக் டக்.

இல்லை. மரத்தில் மரம் படும் சத்தம்.

"ஏய்... என்னடி பண்ற?"

நான் கேட்டு அவள் பதில் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

டக்டக். டக்டக். டக்டக்.

கையில் இருந்த லேஸைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. விரல்கள் பறந்தன. குச்சியைத் தாண்டிக் குச்சி, முறுக்கு, ஊசி. மறுபடி குச்சி. ஒரு பிசகு இல்லை. இத்தனை வருடம் தைக்கும் எனக்கே அந்த வேகம் வராது.

அவள் நூலைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இமை அசையவில்லை.

"எந்திரி. போலாம்."

"எந்திரிச்சா அடிப்பாங்க."

அது அவள் குரல் இல்லை. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளையின் குரல்.

தோளைப் பிடித்து இழுத்தேன். கல்லைப்போல் கனத்தாள்.

அப்போது முன்வரிசையில்...

டக்.

வலப்பக்கம். டக்.

நடுவில். டக். டக்.

நாற்காலிகள் காலி. குச்சிகள் அசையவில்லை. ஆனால் கூடம் முழுக்கச் சத்தம்.

என் மணிக்கட்டில் ஏதோ பட்டது.

ஒரு கை.

சின்னக் கை.

என்னைப் பக்கத்து நாற்காலிக்கு இழுத்தது.

மறுகையைப் பைக்குள் விட்டேன். கத்தரி தட்டுப்பட்டது. திண்டின் மேல் இருந்த நூலைக் குருட்டாம்போக்கில் வெட்டினேன்...

எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது.

ரேடியோ துணிமூட்டைபோல் என்மேல் சரிந்தாள். எப்படி அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாட்ச்மேன் மழையில் ஓடி வந்தார். உங்கள் மனைவிதான் உள்ளே பின்னுகிறாளா என்று கேட்டேன்.

"எனக்குக் கல்யாணமே ஆகலீங்களே."

ரேடியோவுக்கு ஒன்றும் நினைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும் தெரியும் என்றாள். நான்காம் நாள் தலைவலி. அடுத்த வாரம் பில் தொகையைப் படிக்க முடியவில்லை. கண் டாக்டர் ரொம்ப நேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

"எத்தன வருஷமா இருட்டுல உக்காந்து நுணுக்க வேல பாக்குற?"

அவளுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது வலது கண்ணில் பார்வை இல்லை. இடது கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம், அந்தப் பள்ளியைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு கல்லூரி ஆசிரியையைத் தேடிப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. அங்கே பின்னிய பிள்ளைகளைப் பற்றி மட்டும் கேட்டேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு வேலையிலிருந்து எழுந்திருக்க ஒரே வழிதான் இருந்ததாம். கண் போக வேண்டும். போனதும் தெருவில் விட்டுவிடுவார்களாம். கண் போனவள் பாதியில் விட்ட திண்டின் முன்னால், நாற்காலிச் சூடு ஆறுவதற்குள், அடுத்தவளை உட்கார வைப்பார்களாம்.