பழம் நசுக்கிய ஜீப்

கிளச் மாற்றிய வண்டியை, எண்ணெய்க் குழாயில் தங்கிய காற்றை முழுக்க வெளியேற்றி, பெடல் கெட்டியாக நிற்கிறதா, எஞ்சின் ஓடும்போது கியர் உராயாமல் விழுகிறதா என்று பார்த்த பிறகே ஓட்டுநரிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் துறையின் வாகனப் பராமரிப்பு விதிகளில் இப்படி ஒன்று இருந்தது. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு. பெருமைப்பட வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

போன வாரம் மொரப்பூரில் என் பழைய காருக்குக் கிளச் மாற்றினேன். உட்கார்ந்து மிதித்தால், சூடான களிக்குள் கால் இறங்குவதுபோல் பெடல் இறங்கிப் போய் அடியில் நின்றது. பட்டறைக்காரர் டீ கிளாசோடு காருக்கு முன்னால் நின்றுகொண்டு, "ரெண்டு நாள் ஓட்டுங்க சார், தானா செட்டாயிடும்" என்றார். நான் சாவியைத் தொடவில்லை. "மொதல்ல நீங்க முன்னாலேருந்து தள்ளி நில்லுங்க" என்றேன். அவர் சிரித்தார். அதற்குள், கிளச் குழாயிலும் ஓடுகிற பிரேக் ஆயிலின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் எண்ணெய் வாடை. எனக்கு அது ரத்த வாடையோடு சேர்ந்தேதான் வரும்.

பல வருடங்களுக்கு முன்பு ஏரியூரில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஆபீசுக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு மாதையன் என்றொரு டிரைவர். ஒகேனக்கல் மலைப்பாதையில் கிளச் தேய்ந்து புகைந்ததால், வண்டியைப் பென்னாகரத்தில் முனிராஜ் பட்டறையில் விட்டிருந்தோம். முனிராஜ் தமிழில் வேலை பார்த்துக் கன்னடத்தில் திட்டுவான். இரண்டிலும் கெட்டிக்காரன்.

அவன் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. பெரிய வேலை முடிந்த வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, நசுக்கி வெளியே எடுப்பார்கள். பழம் நசுங்கிய வண்டியில் மறுநாள் பொழுது விடியும்வரை யாரும் ஸ்பானர் வைக்கக்கூடாது. வைத்தால் வண்டி ஆளைக் காவு கேட்கும் என்பது முனிராஜின் நம்பிக்கை. அன்றைக்கு ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று எடுக்கும் வேலை மட்டும் பாக்கி. பூஜை தள்ளிப்போகக்கூடாதென்று, ஜீப்பைக் கையால் தள்ளியே பழத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

நானும் மாதையனும் வண்டி எடுக்கப் போனோம். மாதையன் ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"அண்ணா, பெடல் கொழகொழன்னு கெடக்குது. காத்து எடுத்துக் குடுங்க."

"பழம் நசுக்கியாச்சு. நாளைக்குக் காலையில வா."

"மந்திரி வர்றாரு, வண்டி இப்பவே வேணும்னு ஆபீசர் கத்துறாருங்க."

"அப்போ நாலு மிதி மிதிச்சு ஓட்டு. அது தெரியாத நீயெல்லாம் என்னா டிரைவரு? கழுதை மேய்க்கப் போ."

மாதையன் முனிராஜின் சட்டையைப் பிடித்தான். "உன் ராகுகாலத்துக்கு நான் மலையில உருண்டு சாவணுமாடா?" என்று ஓங்கி ஓர் அறை. முனிராஜ் கையில் இருந்த ஸ்பானர் மாதையனின் காதில் இறங்கியது. காது மடல் கிழிந்து தொங்கியது. இருவரும் எண்ணெய் மண்ணில் கட்டிப் புரண்டார்கள். மாதையன் அவன் முகத்தை வீல் டிரம்மில் மோதினான், பல் தெறித்தது. "உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா!" கடைத்தெரு முழுக்கக் கேட்டது. நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். விதி எண்ணைச் சொன்னேன். இரண்டு முறை.

ஆட்கள் பிரித்துவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் முனிராஜுக்குத் தன் வேலை மேல் சொல் விழுந்தது பொறுக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு ஜீப்புக்கு முன்னால், பட்டறையின் கருங்கல் சுவரை ஒட்டிப் போய் நின்றான். "ஏறி ஸ்டார்ட் பண்ணுடா. போவுதா இல்லியான்னு ஊரே பாக்கட்டும்."

பட்டறைத் தரை சரிவு. கை பிரேக் பிடிக்காத அந்த ஜீப்பை எப்போதும் முதல் கியரில்தான் நிறுத்துவார்கள். மாதையன் துண்டால் காதை அழுத்திக்கொண்டு ஏறி, பெடலை அடிவரை மிதித்துச் சாவியைத் திருப்பினான். கால் மிதித்தது, குழாயில் காற்று இருந்ததால் கிளச் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கவில்லை. ஜீப் ஒரே தாவாகத் தாவி முனிராஜைக் கருங்கல் சுவரில் வைத்து அறைந்தது. தொடை எலும்பு உடைந்தது, கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்த சத்தம். "அம்மா" என்றான். அது அவனுடைய இரண்டு மொழிக்கும் பொதுச்சொல்.

அடுத்த நிமிடம் பட்டறை ஆட்கள் மாதையனை மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். சங்கிலி, டயர் லீவர், செருப்பு, கையில் கிடைத்ததெல்லாம் அவன் மேல் விழுந்தது. விலா எலும்பு முறிந்தது. அந்த ஜீப்பின் பம்பரிலேயே கட்டிவைத்து மறுபடியும் அடித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்ததால்தான் உயிர் பிழைத்தான்.

மறுநாள் பொழுது விடிந்தது. முதலாளி ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் வேலையைப் பாதியில் விடக்கூடாதென்று, பட்டறை ஆட்கள் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து, எண்ணெயில் குமிழ் வருவது நிற்கும்வரை மிதித்து மிதித்துக் காற்றை எடுத்து முடித்தார்கள். சூதில்லை, பழக்கம். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து மிதித்தபோது பெடல் கல்லாக நின்றது. வண்டியில் குறையில்லை என்றார். மாதையன் மேல் கொலை முயற்சி வழக்கு, வேலை போயிற்று.

பெடல் கெட்டியாக இல்லை என்று நான் சொன்னது ஆய்வாளரின் அறிக்கைக்கு முன் எடுபடவில்லை. அவனைக் காப்பாற்ற ஒரே ஒரு வாய் மிச்சமிருந்தது. முனிராஜ் கக்கத்துக் கட்டையோடு, ஆஸ்பத்திரியில் எடுத்தது போக மிஞ்சிய ஒரு காலோடு கோர்ட்டுக்கு வந்தான். "உங்களைக் கொல்லத்தானே ஏத்தினான்?" என்று அரசு வக்கீல் எடுத்துக்கொடுத்தார்.

"இல்லீங்க. அவன் ஒழுங்காத்தான் மிதிச்சான். காத்து எடுக்காம பழம் வச்சது நான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, மாதையன் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "பல்லை ஒடச்சான். அதுக்கு வேணும்னா உள்ள போடுங்க. காலுக்குப் போடாதீங்க."

வழக்கு தள்ளுபடியானது. மறுபடி வேலை கேட்டு மாதையன் பெயரில் மனு எழுதி மேலே அனுப்பினேன். நினைவூட்டுகளும் அனுப்பினேன். அவன் ஒகேனக்கல்லில் ஒரு மீன் கடையில் அடுப்பு பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் பிடித்து வந்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பான்: "பதில் வந்துதுங்களா சார்?" நான் மாற்றலாகிப் போன ஊர்களுக்கெல்லாம் வந்து கேட்டான்.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. அங்கே பிளெக்ஸ் பேனர் அடிக்கிறார்கள். கருங்கல் சுவர் சாலை அகலப்படுத்தியதில் போயிற்று. ஜீப்பை எடைக்குப் போட்டார்கள். முனிராஜும் இல்லை, மாதையனும் இல்லை.

பதில் வரவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வந்தது. உடனடியாகப் பணியில் சேரலாம் என்ற தெளிவான உத்தரவு. அரசு ஊழியர் ஐம்பத்தெட்டு முடிகிற மாதத்தின் கடைசி நாளோடு ஓய்வு பெற வேண்டும் என்பது அன்றைய விதி. மாதையனுக்கு அந்த மே மாதத்தில் ஐம்பத்தெட்டு முடிந்தது. உத்தரவு என் மேஜைக்கு வந்து சேர்ந்தது மே முப்பத்தொன்றாம் தேதி, மாலை, ஆபீஸ் பூட்டும் நேரம்.