இடது கண்ணில் பூ

1. திங்கள், காலை ஏழேகால்: வீட்டில் வளர்க்கும் கினி பிக் மூன்று குட்டிகள் போட்டிருந்தது. பிறந்தபோதே மூன்றுக்கும் கண் திறந்திருந்தது, உடம்பெல்லாம் முடி இருந்தது, பல்கூட இருந்தது.
2. செவ்வாய், பதினொன்றரை: அம்மா போன் செய்தாள். சின்னக் குட்டியின் இடது கண்ணில் பூ விழுந்திருப்பதாகச் சொன்னாள்.
3. செவ்வாய் மாலை: குட்டி அந்தக் கண்ணைத் திறக்கவில்லை. இமையை விரித்துப் பார்த்தேன். கருவிழி மேல் பால் படிந்தாற்போல் வெண்மை.
4. புதன்: எடை 78 கிராமிலிருந்து 74 ஆகியிருந்தது.
5. வியாழன்: திண்டிவனத்துக்கு எடுத்துப் போனேன்.

இவற்றில் இரண்டாவது வரியை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். அது தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் ஒரு கண் போயிருக்கலாம்.

எங்கள் வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனத்தில், செல்போன் பழுது பார்க்கும் கடையில். டிப்ளமோ முடித்ததிலிருந்து போர்டு வேலைதான் பார்க்கிறேன். அம்மா போன் செய்தபோது கையில் சூடான சால்டரிங் இரும்பு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

"பாப்பா, அந்தச் சின்னது கண்ணுல பூ விழுந்துருக்குடி. தொறக்கவே மாட்டுது."

"பொறந்து ஒரு நாள்தானமா ஆவுது, அதுக்குள்ளயா?"

"அதுக்கு நாள் கணக்கா இன்னா? விழுந்துச்சுனா விழுந்துச்சுதான்."

கருவிழி வெளுத்துப் போவதைப் பூ விழுவது என்றுதான் சொல்வோம். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு அப்படி விழுந்திருக்கிறது. அதனால் எந்தப் பூ என்று நான் கேட்கவில்லை. மாலை ரயிலில் நின்றுகொண்டே பிறவியிலேயே வரும் கண் கோளாறுகளைப் பற்றிப் படித்தேன், நோட்டில் தலைப்புப் போட்டுக் குறித்தும் வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணில் வெள்ளை. நான் படித்தது சரியென்றே தோன்றியது.

அன்று அடுப்படியில் நடந்த பேச்சு இது.

"பூவ எடுத்துட்டியா?"

"அதெல்லாம் நாம எடுக்க முடியாதுமா. ஆபரேஷன் பண்ணணும்."

"இத்தினியூண்டு பூவுக்கு ஆபரேஷனா?"

"இவ்ளோ சின்னக் குட்டிக்கு மயக்க மருந்து தாங்காது. அப்படியே வுட்டுடத்தான் சொல்லுவாங்க."

"வுட்டா கண்ணு அழுவிப் பூடாதா? பக்கத்து வூட்டுப் பொண்ணு புள்ள பெத்து ரெண்டு மாசம்தான் ஆவுது. ரெண்டு சொட்டுத் தாய்ப்பால் கேட்டு வுட்டா கழுவிக்கினு வந்துடும்."

"கண்ணுக்குள்ள இருக்கறது எப்படிமா கழுவிக்கினு வரும்?"

"நீ படிச்சவ. இன்னாவோ பண்ணு."

புதன்கிழமை அந்தக் குட்டி மட்டும் தாயிடம் பால் குடிக்காமல் மூலையில் குந்தியிருந்தது. கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி ஒரு கால்நடை மருத்துவர் மாலை நாலு மணிக்கு மேல் பார்க்கிறார் என்று தெரியும். கண்ணை விட்டுவிடுவதா, எடுப்பதா என்று மட்டும் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பால் வேண்டுமே என்பதால் மறுநாள் காலை தாயையும் சேர்த்து ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் வைத்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "எலியா, பன்னியா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "அப்போ இன்னாதான் அது?" என்றார். முயல் மாதிரி புல் தின்னும் என்று சொல்லி மூடியைச் சாத்தினேன்.

நாலு மணி வரை காத்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மேசையில் மைக்ரோஸ்கோப் சும்மா இருந்தது. பிறவிப் பூ எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆவலில்தான் குட்டியைத் துண்டில் சுற்றி லென்சுக்குக் கீழே பிடித்தேன். விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டேன்.

முதலாளி, "இன்னாம்மா, இதுலயும் ஷார்ட் தேடுறியா?" என்றார்.

வெண்மை கருவிழியின் நடுவில் இல்லை. கீழிமையை ஒட்டி ஒரு பக்கமாகத் தொடங்கி மேலே போகப் போக மங்கியது. தொடங்கும் இடத்தில், இமைக்குள் பாதி புதைந்து, வைக்கோல் நிறத்தில் ஒரு செதில் இருந்தது. அதன் நுனியில் மிக மெல்லிய ஒரு முள். அந்த வடிவம் எனக்குத் தெரியும். கோலியனூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் கினி பிக்குக்குப் புல் அறுத்து வரும்போதெல்லாம் துப்பட்டாவிலிருந்து பிடுங்கிப் போடுவேன்.

என் கை ட்வீசரிடம் போனது. அரை மில்லிமீட்டர் உதிரிகளைத் தினமும் எடுக்கிற கைதான். ஆனால் உதிரி தலையை ஆட்டாது. ட்வீசரை வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மா, அது கண்ணுல இருக்கறது புல்லோட பூம்மா."

"நான் இன்னா மல்லிப்பூன்னா சொன்னேன்? செவ்வாக்கெழமையே சொன்னேன். இப்போ எனக்கே கதை சொல்றா."

"நீயே அப்போ எடுத்துருக்கலாமில்ல?"

"எடுக்கப் போனேன். தாய்க்கடியில பூந்துக்கினு வரவேயில்ல. நீ வந்து பார்த்துக்குவேன்னு வுட்டேன். நீ வந்து ஆபரேஷன்ற."

மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டார். பிறகு உப்பு நீரை மெல்லப் பீய்ச்சினார். மூன்றாவது தடவை செதில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தாய்ப்பால் தேவைப்படவில்லை, ஆனால் கழுவினால் வந்துவிடும் என்று அம்மா சொன்னது சரிதான். அடுத்துச் சாயம் ஒன்றை விட்டு நீல விளக்கில் காட்டினார். கருவிழியில் பிறைபோல ஒரு கீறல் பச்சையாக ஒளிர்ந்தது.

"உள்ள தெளிவா இருக்கும்மா. மேலதான் கீறல். இது ஆழமாவக் கூடாது, ஆச்சுனா கண்ணையே எடுக்கணும். வீட்ல இருக்கிற பழைய சொட்டு எதையும் வுட்டுடாதீங்க."

ஒரு வாரம், நாளைக்கு ஐந்து வேளை சொட்டு மருந்து. நான் வீட்டில் இல்லாத இரண்டு வேளை அம்மாவுடையது. நான் நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதில் எதுவும் எழுதவில்லை, ஆனால் ஒரு வேளையும் தவறவில்லை. சொட்டு விழுந்ததும் குட்டி முன்னங்காலால் முகத்தைத் துடைக்கும், பிறகு சொட்டு விட்ட விரலையே நக்கும். கோபமா பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அது தாயிடம் போய் முட்டிப் பால் குடித்தது.

இடது கண் தெரிகிறதா என்று அறியக் கொத்தமல்லித் தழையைக் காட்டிப் பார்த்தேன். உடனே திரும்பியது. ஆனால் வாசனைக்கும் திரும்பியிருக்கலாம். இப்போது நடுவில் ஒரு கண்ணாடியை வைத்து, அதற்கு அந்தப் பக்கம் அட்டையை மட்டும் அசைக்கிறேன்.

இன்றைய நிலை: குட்டிக்கு வயது பத்தொன்பது நாள். எடை 182 கிராம். கீறல் ஆறிவிட்டது. கருவிழியின் கீழ்ப்பகுதியில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை இருக்கிறது. அது மறையலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம் என்கிறார் மருத்துவர். இடப்பக்கம் அட்டையைப் பத்து தடவை அசைத்ததில் ஏழு தடவை திரும்பியது. வலப்பக்கம் ஒன்பது. புல்லைக் கூண்டில் போடுவதற்கு முன் அதன் பூவை அம்மா உருவி எடுத்துவிடுகிறாள்.